உப்பு மரக்காணத்தில், ஆலை காலாப்பட்டில்

ஈ.சி.ஆர்.ல பாண்டிச்சேரிக்கு பைக்கில் போனவங்களுக்கு மரக்காணம் ஞாபகம் இருக்கும். பாத்தி பாத்தியா தண்ணி, வரப்போரமா வெள்ளைக் குவியல். ஒரு செல்ஃபி எடுத்துட்டுக் கிளம்பிடுவோம். இன்னைக்கு அந்தக் குவியல் எங்கே போகுதுன்னு பார்ப்போம்.

எல்லாம் சமையலுக்குன்னு நினைச்சா தப்பு. உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சினால் காஸ்டிக் சோடாவும் குளோரினும் கிடைக்கும். சோப்பு, காகிதம், அலுமினியம்னு எல்லாத்துக்கும் காஸ்டிக் சோடா வேணும். 1 டன் தயாரிக்க சுமார் ஒன்றரை டன் உப்பு, 2,000 யூனிட்டுக்கு மேல் கரண்ட்.

ஆல்ஃபிரெட் வெபர்னு ஒரு ஜெர்மன் அறிஞர் 1909-லேயே சொன்னார்: செய்யும் பொருளைவிட மூலப்பொருள் எடை அதிகம்னா, ஆலை மூலப்பொருள் பக்கம் போகும். லாரி வாடகைக் கணக்குதான், வேற ஒண்ணும் இல்லை. குஜராத்தில் உப்பளங்களை ஒட்டியே மிட்டாப்பூர்னு ஒரு ஊரே உருவாச்சு.

அப்போ இங்கே ஆலை மரக்காணத்துலயோ, பக்கத்து வானூர் தாலுகாவுலயோ இருக்கணும், இல்லையா? கெம்ஃபேப் ஆல்கலீஸின் உப்பளம் மரக்காணம் பக்கத்துல கந்தாட்டில் இருக்கு. காஸ்டிக் சோடா ஆலை காலாப்பட்டில். காலாப்பட்டு புதுச்சேரிக்குச் சொந்தமான ஒரு துண்டு நிலம். அதைத் தாண்டினா மறுபடியும் தமிழ்நாடு, வானூர் தாலுகா. அப்புறம்தான் பாண்டிச்சேரி டவுன்.

வெபர் தோற்கலை, உப்பு பக்கத்துலதான் இருக்கு. ஆனா எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமாங்கிறதுல லாரி வாடகைக்குப் பெரிய வேலை இல்லை. வரியும் கரண்ட் ரேட்டும்தான் அங்கே பேசும். 1990களில் தொழில் பின்தங்கிய பகுதிகளில் தொடங்கும் ஆலைகளுக்கு முதல் 5 வருஷ லாபத்துக்கு முழு வருமான வரி விலக்கு. அந்தப் பட்டியலில் புதுச்சேரி யூனியன் பிரதேசம் இருந்துச்சு. பக்கத்துலயே இருக்கிற வானூர் தமிழ்நாடு, அதனால இல்லை. வானூர் எல்லையை ஒட்டின சேதராப்பட்டில் எச்.சி.எல். கம்ப்யூட்டர் செஞ்சுது. 2003-ல் உத்தராகண்டுக்கு சலுகை போனதும், அதே கம்பெனி ருத்ரபூரில் இன்னொரு ஆலை போட்டுச்சு.

பாத்தி அப்படி நகராது. களிமண், வெயில், கடல்தண்ணி மூணும் இருக்கிற இடத்துலதான் இருக்கும். வெறுங்காலோட வெயில்ல நின்னு உப்பு வாருறவங்களும் அங்கேயேதான். வடகிழக்குப் பருவமழை இறங்கினா வேலை நின்னுடும். அந்த அக்டோபர்–டிசம்பர் மாசங்களுக்குத் தமிழ்நாடு அரசு சில வருஷமா 5,000 ரூபாய் நிவாரணம் தருது. மாசத்துக்கு 1,666 ரூபாய்.