செய்தியும் ஓர் அமானிதமே!



புகழனைத்தும் வல்ல அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

நபி (ஸல்) அவர்கள் தம் துணைவியரை மணவிலக்குச் செய்துவிட்டார்கள் என்றொரு பேச்சு மதீனாப் பள்ளிவாசலில் பரவியது. மக்கள் கவலையில் ஆழ்ந்தனர். உமர் (ரலி) அவர்கள் அப்பேச்சை வாங்கிப் பிறரிடம் சொல்லவில்லை. நேரே நபியவர்களிடம் சென்று, உண்மைதானா என்று கேட்டார்கள். இல்லை என்று அறிந்ததும், பள்ளிவாசலின் வாயிலில் நின்று அதை உரத்த குரலில் அறிவித்தார்கள். இதையொட்டியே திருக்குர்ஆனின் 4:83ஆம் வசனம் அருளப்பெற்றதாக ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். அமைதியைப் பற்றியோ அச்சத்தைப் பற்றியோ செய்தி எட்டியவுடன் அதைப் பரப்பிவிடுவோரை அவ்வசனம் கண்டிக்கிறது. ஆராய்ந்தறியும் ஆற்றலுடைய பொறுப்பாளர்களிடம் அதைக் கொண்டுசெல்லுமாறு வழிகாட்டுகிறது.

சகோதரர்களே! இவ்வழிகாட்டுதல் மறக்கப்பட்டால் விளைவது என்ன? 2008 நவம்பர் 26 அன்று தொடங்கிய மும்பைத் தாக்குதலை நினைத்துப் பாருங்கள். 166 அப்பாவி உயிர்களைப் பறித்த கொடுமை அது. தாஜ் விடுதியின் அறைகளுக்குள் விளக்கை அணைத்துவிட்டு, மூச்சையும் அடக்கிக்கொண்டு பலர் ஒளிந்திருந்தனர். வெளியிலோ தொலைக்காட்சி நிலையங்கள் யார் முந்துவது என்று போட்டியிட்டன. நரிமன் இல்லத்தின் கூரையில் தேசியப் பாதுகாப்புப் படையினர் ஹெலிகாப்டரிலிருந்து கயிறு பற்றி இறங்கியதும் நேரலையாகக் காட்டப்பட்டது. அக்காட்சிகளை நாம் மட்டுமா பார்த்தோம்? எல்லைக்கு அப்பாலிருந்து கொலையாளிகளை ஏவியவர்களும் பார்த்தனர். பார்த்ததைத் தொலைபேசி வழியே உள்ளே இருந்தோருக்கு உடனுக்குடன் தெரிவித்தனர்.

2012 ஆகஸ்டில் வழங்கிய தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இதைக் கடுமையாகக் கண்டித்தது. இத்தகைய ஒளிபரப்பு நாட்டு நலனுக்கோ சமுதாய நலனுக்கோ உதவவில்லை, நிலையங்கள் தம் வணிக நலனையே நாடின என்று கூறியது. அதனால் வீரர் எவரேனும் உயிரிழந்தாரா என்பதை அறிய இயலாது என்பதையும் அதே தீர்ப்பு நேர்மையாகப் பதிவு செய்தது. ஆயினும், பிறர் உயிரை ஆபத்தில் நிறுத்தும் உரிமை எவருக்கும் இல்லையல்லவா?

தாக்குதல் ஓயாத வேளையில், ரயில் நிலையத்தில் மீண்டும் துப்பாக்கிச் சூடு என்றொரு வதந்தியும் திரையேறியது. அது பொய்யென்று தெரியவரும் முன்னரே அச்சம் நகரெங்கும் பரவிவிட்டது. இத்தகைய நடவடிக்கைகளை நேரலையில் காட்டக்கூடாது, நியமிக்கப்பட்ட அதிகாரி அவ்வப்போது தரும் விளக்கத்தையே ஒளிபரப்ப வேண்டும் என்று 2015இல் அரசு விதி வகுத்தது. பொறுப்பாளரிடம் கேட்டறிந்து சொல் என்ற அதே பாடம்தான் இது.

அன்பர்களே, தாய்மார்களே! குற்றத்தை ஊடகங்களின் தலையில் மட்டும் ஏற்றிவிட்டு நாம் எழுந்துவிட முடியாது. பரபரப்பை நாம் விரும்பிப் பார்த்ததால்தானே அவர்கள் அதை விற்றார்கள்? இன்றோ ஒவ்வொருவர் கையிலும் கைப்பேசி என்றொரு ஒளிபரப்பு நிலையம் இருக்கிறது. கலவரம், வெள்ளம், குண்டுவெடிப்பு என்று ஒரு செய்தி வந்ததும், படித்து முடிக்கும் முன்பே பத்துப் பேருக்கு அனுப்பிவிடுகிறோம். கேட்டதையெல்லாம் சொல்லித் திரிவதே ஒருவர் பொய்யராவதற்குப் போதுமானது என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள்.

ஆகவே, ஒரு செய்தி வந்தால் மூன்று கேள்விகள் கேட்போம். இது உண்மைதானா? இதைச் சொல்வதால் எவருக்கேனும் தீங்கு நேருமா? இதை நான் சொல்லித்தான் ஆக வேண்டுமா? விடை தெளிவாகாதவரை நாவையும் விரலையும் அடக்கிக்கொள்வோம். நம் பிள்ளைகளுக்கும் இதைப் பழக்குவோம்.

செய்தியை அமானிதமாகப் பேணும் நன்மக்களாக நம் அனைவரையும் வல்ல ரஹ்மான் ஆக்கியருள்வானாக! ஆமீன்.