ஒரு கரண்டிக் கஞ்சி

கலை என்றதும் சிற்பத்தையும் சித்திரத்தையும் சங்கீதத்தையும் நினைத்துக்கொள்ளும் நமக்கு, அந்தி நேரத்தில் வேலை முடிந்து வீடு திரும்பிய ஒருவர், பசித்திருக்கும் பிள்ளைகளுக்காக அரைமணிக்குள் ஆக்கி வைக்கும் ஒரு தட்டு உணவையும் கலை என்று சொன்னால் அது சற்று மிகையாகத் தோன்றக்கூடும். ஆனால் இத்தாலி தேசத்து இல்லங்களில் நித்தியப்படி சமைக்கப்படும் பாஸ்தாவைப் பற்றிச் சிந்திக்கச் சிந்திக்க, அந்த எண்ணம் எனக்கு வலுப்பட்டே வருகிறது. பாலேடும் பாலாடைக் கட்டியும் வழிய வழிய உணவு விடுதிகளில் பரிமாறுகிறார்களே, அதைப் பற்றி நான் இன்று பேச வரவில்லை. மூன்று நான்கு பொருள்களுக்கு மேல் வேண்டாத வீட்டுச் சமையலையே சொல்ல வந்தேன்.

முதலில் மூலப்பொருளைச் சொல்லிவிடுகிறேன். கடையில் வாங்கும் உலர்ந்த பாஸ்தாவில் இருப்பவை டியூரம் என்னும் கடினக் கோதுமையின் ரவையும் தண்ணீரும்தான். அந்தக் கோதுமையைத் தவிர வேறு கோதுமையில் உலர் பாஸ்தா செய்யலாகாது என்று இத்தாலியில் 1967-ஆம் ஆண்டு சட்டமே இயற்றினார்கள். பிசைந்த மாவை அச்சில் இட்டுப் பிழிந்து உலர்த்துகிறார்கள். வெண்கல அச்சில் பிழிந்த பாஸ்தா தொட்டால் சொரசொரப்பாக இருக்கும். அந்தச் சொரசொரப்பில்தான் எண்ணெயும் தக்காளிச் சாறும் பிடித்துக்கொள்ளும். நேப்பிள்ஸ் நகருக்கு அருகிலுள்ள கிரன்யானோ என்ற ஊரில், கழிகளில் தொங்கவிட்டு வீதியோரக் காற்றிலேயே பாஸ்தாவை உலர்த்திய காலம் ஒன்று இருந்தது.

பாஸ்தாவை மார்க்கோ போலோ சீனத்திலிருந்து கொண்டுவந்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. அவர் வெனிஸுக்குத் திரும்பியது 1295-இல். அதற்கு முன்பே, 1279-இல், ஜெனோவா நகரத்துப் பத்திர எழுத்தர் ஒருவர், ஒரு மனிதருடைய உடைமைகளைப் பட்டியலிடும்போது மக்கரோனியையும் அவற்றுள் ஒன்றாக எழுதி வைத்திருக்கிறார். அதற்கும் முன்னதாக 1154-இல், அரபுப் பூகோள சாஸ்திரியான அல் இத்ரீசி, சிசிலித் தீவின் திராபியா என்னும் ஊரில் மாவினால் இழையிழையாகச் செய்த ஒரு பண்டம் கப்பல் கப்பலாக ஏற்றுமதியானதைக் குறித்திருக்கிறார். ஆகவே கதை கதையாகவே இருக்கட்டும்.

இந்தச் சமையலின் உயிர்நிலையை அறிய விரும்புகிறவர்களுக்கு, நேப்பிள்ஸ் பக்கத்து ‘ஆலியோ எ ஓலியோ’ என்னும் பாஸ்தா ஒன்றே போதும். பூண்டும் எண்ணெயும் என்பதுதான் பெயரின் பொருள். நால்வருக்கு 400 கிராம் ஸ்பகெட்டி என்றால் 4 லிட்டர் தண்ணீர், 40 கிராம் உப்பு; இது அங்கே வீட்டுக்கு வீடு தெரிந்த கணக்கு. தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகே ஸ்பகெட்டியைப் போடுகிறார்கள். அந்தத் தண்ணீரில் எண்ணெய் விடும் வழக்கம் கிடையாது. வெந்ததைப் பச்சைத் தண்ணீரில் அலசும் வழக்கமும் கிடையாது. அது வேகும்போதே, மறு அடுப்பில் அகன்ற வாணலியை வைத்து ஆலிவ் எண்ணெயை ஊற்றி, எண்ணெய் காய்வதற்கு முன்பாகவே மெல்லிய வில்லைகளாகச் சீவிய பூண்டை இட்டு, சிறு தீயில் விட்டுவிடுகிறார்கள். சற்று நேரத்தில் பூண்டைச் சுற்றிலும் பொடிப்பொடியாகக் குமிழ்கள் எழுகின்றன. வாசனை கூடம் வரை வருகிறது. வெள்ளை வில்லையின் ஓரத்தில் இளம் பொன்னிறம் தட்டத் தொடங்கும் அந்தக் கணத்தில் வற்றல் மிளகாயைக் கிள்ளிப் போட்டுத் தீயைத் தணித்துவிட வேண்டும். அரை நிமிஷம் அசிரத்தையாக இருந்தால் பூண்டு சிவந்து கசந்துவிடும். அந்தக் கசப்பை மூடி மறைக்க வாணலியில் வேறொன்றும் இல்லை.

இனி ஸ்பகெட்டியின் பதம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நாம் சொல்வதுபோல், அவர்களும் ஓர் இழையை எடுத்துக் கடித்தே பார்க்கிறார்கள். ‘அல் தெந்தே’ என்பது அவர்கள் வழங்கும் சொல். பல்லுக்கு ஏற்றது என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். கடித்த இழையின் நடுவே ஊசிமுனையளவு வெண்மை தெரிந்து, பல்லுக்குச் சற்றே இடம் கொடாமல் நிற்க வேண்டும். அந்தப் பதத்துக்கும் ஒரு நிமிஷம் முந்தியே இழைகளை எடுத்து வாணலியில் சேர்த்து, வெந்த நீரில் ஒரு கரண்டி மொண்டு விட்டு, குலுக்கிப் புரட்டுகிறார்கள். அந்த நீரைக் கஞ்சி என்று சொல்வதே நமக்குப் பொருத்தம். அதுகாறும் ஒட்டாமல் நின்ற எண்ணெயும் நீரும், ரவையிலிருந்து கரைந்த மாவுச்சத்தின் சகாயத்தால் ஒன்றுகலந்து, பால்போல் வெளுத்து, இழைதோறும் படிந்துவிடுகின்றன. பாஸ்தாவை ஒரு தட்டில் குவித்து, அதன் தலையில் குழம்பை ஊற்றித் தருவதற்கும், இப்படி இரண்டும் வாணலியிலேயே ஒன்றாகி இறங்குவதற்கும் உள்ள வேற்றுமை, தாளம் தப்பிய பாட்டுக்கும் தாளம் சேர்ந்த பாட்டுக்கும் உள்ள வேற்றுமைதான் என்பது என் துணிபு.

சிக்கனம் எப்படிச் சுவையாகிறது என்பதற்கும் அங்கே உதாரணங்கள் உண்டு. நேப்பிள்ஸில் உருளைக்கிழங்கும் பாஸ்தாவும் சேர்த்து ஒரே பாத்திரத்தில் கெட்டியாக ஆக்குவார்கள். பல பொட்டலங்களின் அடியில் மிஞ்சிய, வெவ்வேறு வடிவமுள்ள உடைசல் துண்டுகளே அதற்கு உகந்தவை. துருவித் தீர்ந்த பார்மிஜானோ பாலாடைக் கட்டியின் தோலையும் கூடவே போட்டு வேகவிடுவார்கள், அது மெத்தென்று ஆகி உருளைக்கிழங்குக்குச் சாரம் ஏற்றும். பாலாடைக் கட்டி வாங்க வசதியில்லாத சிசிலியின் ஏழைக் குடும்பங்கள், பழைய ரொட்டியைத் தூளாக்கி எண்ணெயில் பொன்னிறமாக வறுத்து, அதையே மேலே தூவி உண்டன. வசதி வந்த பின்னும் அந்தத் தூளை அவர்கள் கைவிடவில்லை. மொறுமொறுவென்ற அதன் சுவை தனிச்சுவை என்பதை நாக்கு அறிந்துகொண்டுவிட்டதே! தெற்கே பாரி நகரத்தின் பழைய வீதிகளில், வீட்டு வாசலில் பலகையை இட்டு அமர்ந்து, ரவை மாவுத் துண்டைக் கத்தியால் இழுத்துக் கட்டை விரலில் கவிழ்த்துச் சிறு காதுபோல் ஆக்கும் மாதர்களை இன்றும் காணலாம். அந்தக் காதுகளைக் கடுகு இனத்துக் கீரை ஒன்றுடன் ஒரே தண்ணீரில் வேகவைக்கிறார்கள். வடக்கே பொலோன்யாவில் 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை என்று பிசைந்து தேய்க்கும் பாஸ்தா பெரிதும் விசேஷ நாள்களுக்கு உரியது. அதை வேறொரு நாள் பேசுவோம்.

வீட்டுச் சமையலுக்கு உரிய கௌரவத்தை அளித்தவர் பெல்லெக்ரினோ அர்த்தூசி. பட்டு வியாபாரியாக இருந்தவர். எழுபது பிராயத்துக்குப் பின், 1891-இல், இல்லத்தாருக்கென்று அவர் எழுதிய சமையல் நூலைப் பிரசுரிப்பார் இல்லாததால் தம் சொந்தச் செலவிலேயே அச்சிட்டார். முதற்பதிப்பில் 475 சமையல் குறிப்புகள் இருந்தன. வாசகர்கள் எழுதி அனுப்பியவையும் சேர்ந்து, பிற்பதிப்புகளில் அவை 790 ஆயின. 1911-இல் மரித்தபோது, அந்நூலின் உரிமையை அவர் தம் வீட்டில் சமைத்த இருவருக்கே, மரியெத்தா சபாதீனி என்ற பெண்மணிக்கும் பிரான்செஸ்கோ ருஃபில்லி என்பவருக்கும், எழுதி வைத்தார். அடுப்படியில் நின்றவர்களின் கைக்கு உரியதை அவர்களிடமே சேர்த்த அந்தச் செயலை நினைக்கும்தோறும் என் நெஞ்சம் நெகிழ்கிறது.

எளிய சமையல் என்றால் சோம்பேறிச் சமையல் என்று எண்ணுகிறவர்கள் உண்டு. பத்து மசாலைகளும் பாலேடும் சேரும் இடத்தில் ஒரு பிழை ஒளிந்துகொள்ள இடம் கிடைக்கும். பூண்டும் எண்ணெயும் மட்டுமே உள்ள இடத்தில் அது கிடைக்காது. ஆதலால் இந்தச் சமையலில் கவனமே முதல் சரக்கு. ஒரு தாய் அல்லது தந்தை, இருபது நிமிஷம் வேறொன்றையும் நினையாமல் அடுப்பையே பார்த்து நின்றதன் பயன் அந்தத் தட்டில் இருக்கிறது.

நேயர்களே, உங்கள் வீட்டில் பாஸ்தா சமைக்கும் நாளில், வெந்த நீரைக் கொட்டிவிடும் முன் ஒரு கரண்டி எடுத்துத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். வாணலியில் அதை விட்டுப் புரட்டி, ஆறுமுன் அனைவருமாக உட்கார்ந்து உண்ணுங்கள்.