சாவைக் கணிப்பது சாவைத் தடுப்பதற்கே
(சங்கத்தின் ஆண்டுவிழாவில் நிகழ்த்திய உரை)



பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நம் வீட்டு ஆச்சிமார் முதலில் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். அடுத்து அவர்கள் கேட்பது, "பிள்ளை பால் குடிக்கிறதோ? முகம் பார்க்கிறதோ?" என்பதே. இக்கேள்விகளுள் எத்துணை வைத்திய நுட்பம் அடங்கியுள்ளது என்பதையே இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன்.

ஆபிரிக்காவில் ஓர் ஏழை நாட்டு ஆஸ்பத்திரியை மனக்கண்முன் கொண்டுவாருங்கள். மழைக்காலம், மலேரியா பரவியிருக்கிறது. 2016ஆம் ஆண்டில் மலேரியா ஒழிந்த நாடெனச் சான்று பெற்ற இலங்கையின் இளைஞருக்கு அந்நோயின் கொடுமை தெரியாது, பெரியோர் அறிவர். தாய்மார் நீண்ட வரிசையில் நிற்கிறார்கள். வைத்தியர் ஒருவர், தாதிமார் இருவர். உரத்து அழும் பிள்ளையையே எல்லோரும் திரும்பிப் பார்ப்பர். ஆனால் அழவும் பலமின்றித் தாயின் தோளில் துவண்டு கிடக்கும் பிள்ளைக்கே ஆபத்து அதிகம். அதன் முறை வருமுன் உயிர் பிரிந்துவிடலாம். அப்படியாயின் யாரை முதலிற் பார்ப்பது?

கென்யாவின் கரையோரத்திலுள்ள கிலிஃபி ஆஸ்பத்திரியில் மலேரியாவுடன் சேர்க்கப்பட்ட 1,844 குழந்தைகளை ஆராய்ந்த வைத்தியர்கள் தம் முடிவை 1995இல் வெளியிட்டனர். அக்குழந்தைகளுள் 64 பேர் இறந்தனர். அந்த 64 பேரில் 54 பேரிடம் அறிவு மயங்குதல், மூச்சுத் திணறுதல் ஆகிய இரு குறிகளுள் ஒன்றேனும் காணப்பட்டது. இவற்றை அறிய விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. கண்ணும் காதும் போதும்.

காபோன் நாட்டிலுள்ள லம்பரேனே என்னும் ஊர், அல்பேர்ட் சுவைட்சர் 1913இல் ஆஸ்பத்திரி நிறுவிய இடமாகும். அவ்வூரின் பெயரால் 2009இல் ஓர் எளிய புள்ளிமுறை வெளிவந்தது. ஆபிரிக்காவின் ஆறு இடங்களில் மலேரியாவால் வருந்திய 23,890 குழந்தைகளின் விபரங்களைக் கொண்டு அது ஆராயப்பட்டது. நினைவிழந்திருந்தால் ஒரு புள்ளி. ஆழ்ந்து மூச்சு வாங்கினால் ஒரு புள்ளி. உட்காரவும் இயலாது சோர்ந்து கிடந்தால் ஒரு புள்ளி. கூட்டுத்தொகை ஏற ஏற ஆபத்தும் ஏறும்.

"எந்தப் பிள்ளை இறக்கும் என்று கணக்குப் பார்ப்பது இரக்கமற்ற செயலன்றோ?" எனச் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். சாத்திரி தாம் சொன்னது பலிக்க வேண்டுமென்று விரும்புவார். இக்கணக்கைப் பார்க்கும் வைத்தியரோ அது பொய்க்க வேண்டுமென்றே விரும்புகிறார். மூன்று புள்ளி பெற்ற பிள்ளையைக் கைவிடுவதற்கு அன்று, அப்பிள்ளையிடம் முதலில் ஓடுவதற்கே அக்கணக்கு. ஓரிடத்திற் செய்த கணக்கை வேறிடத்தில் அப்படியே நம்பிவிடவும் கூடாது. நோயும் உணவு நிலையும் ஊருக்கு ஊர் வேறுபடும். ஆகவே அங்கங்கே சோதித்தல் வேண்டும்.

கணித்தபின் கைகள் இயங்காவிடில் புள்ளி வெறுங் கடதாசியே. மலாவி நாட்டின் பிளாந்தையர் நகரப் பெரிய ஆஸ்பத்திரியில், வரும் பிள்ளைகளை உடனே பார்த்து, உடனடிச் சிகிச்சை வேண்டுவோர், முந்துரிமை உடையோர், காத்திருக்கக்கூடியோர் எனப் பிரிக்கத் தாதிமாரைப் பழக்கினர்; அவசர சிகிச்சைப் பகுதியையும் திருத்தியமைத்தனர். முன்பு அங்கே சேர்க்கப்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 10 முதல் 18 வரை இறந்துகொண்டிருந்தன. பின்னர் அத்தொகை 6 முதல் 8 வரையாகக் குறைந்ததென 2006இல் அறிவித்தனர். புதுமருந்து ஒன்றைக் கண்டுபிடித்து அவர்கள் இதைச் சாதிக்கவில்லை, ஒழுங்கினாலேயே சாதித்தனர்.

வாலிப அன்பர்களே! உங்களுள் வைத்தியராகவும் தாதியராகவும் கணித வல்லுநராகவும் வரப்போவோர் இருக்கிறீர்கள். எண்களுக்குப் பின்னால் ஒரு தாயின் தோளும் அதில் துவண்ட ஒரு தலையும் உண்டென்பதை மறவாதீர்கள். ஏனையோரும் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கும்போது சற்றுத் திரும்பிப் பாருங்கள். அழாத பிள்ளை ஒன்று பின்னால் இருந்தால் அதற்கு வழிவிடுங்கள், தாதியையும் கூப்பிடுங்கள். ஆச்சியின் கேள்வியை நாமும் கேட்கப் பழகுவோமாக.