மீனைப் பார்க்கும் முன்னே தண்ணியைப் பாருங்க

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் எங்கள் களப்பணிக் குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் என்றுதான் வழக்கமாக இந்த இடத்தில் நாங்கள் பேசுவோம். இன்றைக்கு மீன் தொட்டியைப் பற்றிப் பேசப் போகிறோம். "அது வசதியானவங்க வீட்டுச் சமாச்சாரமாச்சே" என்று பின்னால் ஒரு அக்கா சொல்வது காதில் விழுகிறது. அக்கா, இதுவும் கடன் சம்பந்தப்பட்ட பேச்சுதான். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்க.

நம்ம குழுவில் ஒரு சகோதரி. பெயர் வேண்டாம். சின்னதாக ஃபேன்சி கடை வைத்திருக்கிறார். கடை முகப்பில் ஒரு மீன் தொட்டி வைத்தால் பிள்ளைகள் வருவார்கள், அப்படியே மீனும் விற்கலாம் என்று 6,000 ரூபாய் உள்கடன் கேட்டார். குழு கொடுத்தது. மூணு அடித் தொட்டி வாங்கினார். வெளியூர்க் கடையில் கண்ணுக்கு அழகாகத் தெரிந்ததையெல்லாம் வகைக்குக் கொஞ்சமாக, மொத்தம் 40 மீன் வாங்கி வந்து ஒரே நாளில் விட்டார். 12 நாளில் மிஞ்சியது மூணே மூணு. அக்கம்பக்கத்தில் "உனக்கு மீன் ராசியில்லை" என்றார்கள். இன்னும் சிலர் "மீன் செத்தா கண் திருஷ்டி கழிஞ்சதுன்னு அர்த்தம், விடு" என்றார்கள். ஆனால் கடன் தவணை கழியவில்லையே! வெட்கத்தில் மூணு வாரம் அவர் கூட்டத்துக்கே வரவில்லை.

இதில் எங்கள் தவறும் உண்டு. ஆட்டுக்குக் கடன் கேட்டால் தீவனம் இருக்கா, கொட்டகை இருக்கா என்று நாங்கள் நேரில் வந்து பார்க்கிறோம். மீனுக்குக் கடன் கேட்டபோது "உங்க தண்ணி எப்படிம்மா?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிறகு அவர் வீட்டுக்குப் போனோம். மிஞ்சிய மூணும் ஒரே வகை, மோலி மீன். அது ராசி இல்லை சகோதரிகளே. காரணம் அவர் வீட்டு போர்த் தண்ணியில் இருந்தது.

முதலில் தண்ணி

திண்டுக்கல் டவுனில் ஆத்தூர் காமராஜர் அணைத் தண்ணி, பேரணைத் தண்ணி, காவிரிக் கூட்டுக் குடிநீர் என்று குழாயில் வருகிறது. சுற்றியுள்ள ஊர்களில் பெரும்பாலும் போர்த் தண்ணிதான் புழக்கத்துக்கு. அது உப்புத் தண்ணி. சோப்பு நுரைக்காது. காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவு கட்டும். இதைத்தான் கடினநீர் என்று பாடப் புத்தகத்தில் படித்தோம். சுண்ணாம்புச் சத்து அதிகம் உள்ள தண்ணி.

இந்தத் தண்ணி சில மீனுக்குப் பகை, சில மீனுக்கு உறவு. நீலமும் சிவப்புமாக மின்னும் நியான் டெட்ரா அமேசான் காட்டு ஓடையைச் சேர்ந்தது. அங்கே தண்ணி மழைநீர் மாதிரி மென்மை. நம்ம உப்புத் தண்ணியில் அது வாடிவிடும். ஆனால் கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் மீன், இந்த நாலும் உப்புத் தண்ணியைத் தாங்கும். தாங்குவது மட்டுமில்லை, அதில் நன்றாகவே வாழும். முட்டையிடாமல் குஞ்சு போடுகிற இனங்கள் இவை.

"அப்ப கேன் தண்ணி வாங்கி ஊத்தலாமா?" என்று போன வாரம் ஒரு குழுவில் கேட்டார்கள். வேண்டாம். ஆர்.ஓ. தண்ணியில் தாது உப்பு பெரும்பகுதி போய்விடும். இந்த நாலு மீனுக்கும் அந்த உப்பு தேவை. காசும் தண்டம். இருக்கிற தண்ணிக்கு ஏற்ற மீனை வாங்குவதுதான் புத்தி. கரிசலில் விளைவதைச் செம்மண்ணில் போட்டு அழுகிறோமா?

குழாய்த் தண்ணியில் குளோரின் கலந்திருக்கும். அகலமான பாத்திரத்தில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்துப் பிறகு ஊற்றுங்கள். போர்த் தண்ணியையும் அப்படியே ஒரு நாள் காற்றாட வையுங்கள்.

தொட்டி எவ்வளவு பிடிக்கும்?

நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்குங்கள். வருவதை 28-ஆல் பெருக்கினால் லிட்டர். மூணு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒண்ணேகால் அடி உயரம் என்றால் 105 லிட்டர். கல், மணல், மேலே விடும் இடைவெளி போக 85 லிட்டர் நிற்கும். வீட்டுக்கு இது நடுத்தரமான, நல்ல அளவு. சின்னக் கண்ணாடி ஜாடியைவிட இதில் மீன் வளர்ப்பது சுலபம். தண்ணி அதிகம் இருந்தால் சீக்கிரம் கெடாது, சீக்கிரம் சூடும் ஏறாது. ஆனால் தண்ணி, கல், கண்ணாடி எல்லாம் சேர்ந்து 100 கிலோவுக்கு மேல் கனக்கும். ஆடுகிற ஸ்டூலில் வைக்காதீர்கள். ஜன்னல் வெயிலிலும் வைக்காதீர்கள்.

மீன் எண்ணிக்கைக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு. சின்ன வகை மீன் என்றால் நாலு லிட்டருக்கு ஒரு இன்ச். கடையில் இருக்கும் நீளம் இல்லை, வளர்ந்த பிறகு வரும் நீளம். 85 லிட்டருக்கு 21 இன்ச். அதாவது இரண்டு இன்ச் வளரும் மீன் பத்துதான். நம்ம சகோதரி விட்டது 40!

கடையில் குட்டி, வீட்டில் பூதம்

கடையில் எல்லா மீனும் விரல் நீளம்தான். வளர்ந்தால்தான் சங்கதி தெரியும். 'ஷார்க்' என்று சொல்லி விற்பது உண்மையில் கெளுத்தி இனம். சாப்பாட்டுக்காகப் பண்ணையில் வளர்க்கும் பங்காசியஸ் மீனேதான். மூணு அடிக்கு மேலும் வளரும். வாஸ்து மீன் என்று விற்கும் அரோவானாவில் வெள்ளி வகை இரண்டரை அடி வரை போகும். கொய் மீன் குளத்துக்கானது. பாசி தின்னும் என்று கொடுக்கும் சக்கர் மீன் ஒரு அடிக்கு மேல் வளரும். வாஸ்துவை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் மூணு அடித் தொட்டியில் இரண்டரை அடி மீன் திரும்பக்கூட இடமில்லாமல் நிற்பது பாவம்.

தங்க மீன் எல்லோருக்கும் ஆசை. அது குளிர்ந்த தண்ணிக்கு உரியது. அரை அடிக்கும் மேல் வளரும், கழிவும் அதிகம் போடும். சித்திரை, வைகாசியில் நம்ம ஊர் வெயிலில் தொட்டித் தண்ணி 30 டிகிரியைத் தாண்டிவிடும். தண்ணி சூடேறினால் அதில் கரைந்திருக்கும் பிராணவாயு குறையும். கட்டாயம் வேண்டுமென்றால் தனியாக இரண்டு மட்டும் விடுங்கள். மற்ற வகையோடு சேர்க்க வேண்டாம்.

யாரோடு யார்?

ஏஞ்சல் மீன் பார்க்கச் சாது. வளர்ந்தால் வாய்க்குள் அடங்குகிற சின்ன மீனை விழுங்கிவிடும். புலிக்கோடு போட்ட டைகர் பார்ப் மற்ற மீனின் நீளத் துடுப்பைக் கடிக்கும். ஃபைட்டர் ஆண் இரண்டை ஒன்றாக விட்டால் சாகும்வரை சண்டை. ஃபிளவர்ஹார்ன் தனிக்குடித்தனம்தான்.

எங்கள் யோசனை இது. உப்புத் தண்ணி வீட்டில், மூணு அடித் தொட்டிக்கு 6 பிளாட்டி, 6 வரிக்குதிரை மீன். வரிக்குதிரை மீனை ஜீப்ரா என்றே கடையில் கேட்கலாம். நம்ம நாட்டு ஓடைகளிலும் உள்ள மீன்தான். சளைக்காது. கூட்டமாக இருந்தால்தான் அதற்குத் தைரியம். பிளாட்டியில் ஒரு ஆணுக்கு இரண்டு பெண் வீதம் வாங்குங்கள். ஆண் அதிகமானால் பெண் மீனைத் துரத்தித் துரத்தியே களைப்பாக்கிவிடும். மீனிலும் அந்தக் கதைதான்! குஞ்சு வேண்டாம் என்றால் ஆண் மட்டும் வாங்குங்கள். பெண் மீன் கடையிலேயே சினையாகத்தான் பெரும்பாலும் வரும்.

கரண்ட் அடிக்கடி போகும் வீட்டில் கௌராமி ஒன்று வைக்கலாம். அது மேலே வந்து நேராகக் காற்றைக் குடிக்கும். அதைச் சேர்த்தால் பிளாட்டியில் மூன்றைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

முதல் மாதம்தான் கண்டம்

மீனின் கழிவிலிருந்து அமோனியா என்ற நஞ்சு உண்டாகும். காரத்தன்மை உள்ள தண்ணியில் அது இன்னும் கடுமை. கண்ணுக்குத் தெரியாத நல்ல நுண்ணுயிர்கள் கல்லிலும் ஃபில்டர் பஞ்சிலும் குடியேறி அந்த நஞ்சை முறிக்கும். அவை பெருகுவதற்கு 4 முதல் 6 வாரம் ஆகும். உறை மோர் ஊற்றிய பால் தயிராகப் பொறுக்கிறோம் இல்லையா, அது மாதிரி. ஆகவே முதலில் 4 மீன் மட்டும் விடுங்கள். ஒரு மாதம் கழித்து மேலும் 4, அப்புறம் மிச்சம். 40 மீனை ஒரே நாளில் விட்டதுதான் நம்ம சகோதரி வீட்டில் நடந்த இரண்டாவது தவறு.

வாங்கி வந்த கவரைப் பிரிக்காமல் கால் மணி நேரம் தொட்டியில் மிதக்க விடுங்கள். பிறகு தொட்டித் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கவருக்குள் சேர்த்து, மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். தீவனம் நாளைக்கு இரண்டு வேளை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. வாரம் ஒருமுறை கால் பங்குத் தண்ணி மாற்றினால் போதும். முழுத் தொட்டியையும் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவினால் நல்ல நுண்ணுயிரும் போய்விடும். ஃபில்டர் பஞ்சைத் தொட்டியில் எடுத்த தண்ணியிலேயே அலசுங்கள்.

ஒரு முக்கிய வேண்டுகோள். வேண்டாமென்று தோன்றும் மீனைக் கண்மாயிலோ கிணற்றிலோ விட்டுவிடாதீர்கள். சக்கர் மீன் அப்படித்தான் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகி நாட்டு மீன்களுக்கும் மீனவர் வலைக்கும் தொல்லையாகி நிற்கிறது. வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

தொழிலாகச் செய்யலாமா?

செய்யலாம், படிப்படியாக. சென்னை கொளத்தூரில் எத்தனையோ குடும்பங்களுக்கு வண்ணமீன்தான் சோறு. அவர்களில் பலர் இந்தக் குஞ்சு போடும் இனங்களில்தான் கை பழகினார்கள். மோலி, பிளாட்டி ஏறக்குறைய 4 வாரத்துக்கு ஒருமுறை குஞ்சு போடும். சிமெண்ட் தொட்டியே போதும். உப்புத் தண்ணி நமக்கு இங்கே தடையில்லை, முதல்!

2020-ல் மத்திய அரசு தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், கொல்லைப்புற வண்ணமீன் வளர்ப்புக்கு 3 லட்சம் ரூபாய் அலகுத் தொகையாக வைத்து, பெண்களுக்கு 60 சதவீதம் வரை மானியம் என்று அறிவித்தார்கள். இந்த ஆண்டு என்ன நிலவரம் என்பதை மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் நேரில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே திட்டம் போடுங்கள். மானியத்தை நம்பித் தொழில் தொடங்க வேண்டாம். ஒரு தொட்டியை ஆறு மாதம் நன்றாக வைத்துக் காட்டிய உறுப்பினருக்கே மீன் தொழிலுக்குக் கடன் என்று குழுவில் தீர்மானம் போடலாம் என்பது எங்கள் கருத்து.

அந்தச் சகோதரி இப்போது என்ன செய்கிறார்? மிஞ்சிய மூணு மோலியில் ஒன்று பெண்ணாக இருந்தது. அது குஞ்சு போட்டது. குஞ்சுகளைத் தனிப் பாத்திரத்தில் பிரித்து வளர்த்தார். இப்போது கடைக்கு வருகிற பிள்ளைகளிடம் மீன் கொடுக்கும் முன்பு, "உங்க வீட்டுத் தண்ணி நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா?" என்று கேட்கிறார். நாங்கள் கேட்க மறந்த கேள்வியை அவர் கேட்கிறார். தவணையில் பாதி அடைத்துவிட்டார். கூட்டத்துக்கும் தவறாமல் வருகிறார். இதோ இரண்டாவது வரிசையில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

நஷ்டப்பட்ட உறுப்பினரை "ராசியில்லை" என்று ஒதுக்காமல், எங்கே தப்பு நடந்தது என்று கூட உட்கார்ந்து பார்ப்பதற்குத்தானே குழு?