வழித்துணை: பாடப்பெறாத காவல்



கடற்போரைப் பாடும் மரபு தமிழுக்குப் பழையது. பதிற்றுப்பத்தின் இரண்டாம் பத்தில் குமட்டூர்க் கண்ணனார், கடல் கடந்து சென்று பகைவரின் காவல்மரமாகிய கடம்பினை வெட்டி வீழ்த்திய இமயவரம்பன் நெடுஞ்சேரலாதனைப் போற்றுகின்றார். அப்பகைவர் கடற்கொள்ளையரே எனக் கருதுவர் ஆய்வாளர் சிலர். கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானிய அறிஞர் பிளினியும் இக்கடலைப் பற்றி எழுதியுள்ளார். முசிறித் துறையின் அருகே கொள்ளையர் அச்சம் இருந்ததையும், இந்தியா நோக்கி வந்த மரக்கலங்களில் வில்லாளர் ஏற்றப்பட்டதையும் அவர் குறிக்கின்றார். சேரன் மரத்தை வீழ்த்தியதற்குப் பாட்டு உண்டு. மரக்கலத்தின் விளிம்பில் வில்லுடன் விழித்திருந்தவனுக்குப் பாட்டு இல்லை.

இவ்வேறுபாடு நம் காலத்திலும் தொடர்வது சிந்திக்கத்தக்கது. 1991இல் சோமாலியாவின் நடுவண் அரசு வீழ்ந்தது. கரைக்குக் காவல் அற்றுப்போன அந்நாட்டின் கடற்புறத்தில், பிற்காலத்தே கப்பலைச் சிறைபிடித்துப் பணயத் தொகை பெறுவது ஒரு தொழிலாகவே வளர்ந்தது. ஏடன் வளைகுடா வழியே செல்லும் கப்பல்களுக்குத் துணைசெல்ல 2008 அக்டோபர் 23 முதல் இந்தியக் கடற்படை தன் போர்க்கப்பலை அங்கு நிறுத்தியது.

துணைசெல்லும் முறை எளிமையானது; ஆயின் பெரும்பொறுமையை வேண்டுவது. வளைகுடாவின் நடுவே ஏறத்தாழ 490 கடல்மைல் நீளமுள்ள பாதை ஒன்று 2009இல் வகுக்கப்பட்டது. கப்பல்கள் குறித்த இடத்தில் ஒன்றுகூடி, போர்க்கப்பலின் துணையோடு அணியாகச் செல்லும். விரைவு குறைந்ததும் கடல்மட்டத்திலிருந்து உயரம் குறைந்ததுமான கப்பலே கொள்ளையரின் ஏணிக்கு எளிதில் எட்டுவது. ஆதலின், காவற்கப்பல் தன் விரைவை அடக்கி, மெலிந்தவற்றின் நடைக்கேற்பத் தன் நடையை அமைத்துக்கொள்கின்றது. மணிக்குப் பன்னிரண்டு கடல்மைல் செல்லும் கப்பலுக்கு இப்பாதையைக் கடக்க இரண்டு நாள் அளவாகும். கப்பலில் பறப்பது எந்நாட்டுக் கொடியாயினும் இந்தியக் கடற்படை துணைசென்றது. பிற இடங்களில் ஒன்றையொன்று ஐயுறும் இந்தியா, சீனா, ஜப்பான் ஆகிய நாடுகளே, 2012 முதல் தத்தம் அணிகள் புறப்படும் காலத்தை இங்கு ஒருங்கிணைத்துக்கொண்டன என்பது வியப்பிற்குரியது.

இதன் பயன் வணிகருக்கு மட்டும் உரியதன்று. சோமாலிய மக்களுக்கான உதவி உணவில் பெரும்பகுதி கடல்வழியே சென்றது. அவ்வுணவுக் கப்பல்களுக்கு 2007 நவம்பரில் பிரான்சு துணையளித்தது. 2008 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் கடற்படை அப்பணியை ஏற்றது. சோமாலியக் கொள்ளையர் தாக்குதல்கள் 2011இல் 237, 2013இல் 15. இவ்வீழ்ச்சியில் துணைக்கப்பல்களோடு, வணிகக் கப்பல்களிலேயே ஏறிய ஆயுதக் காவலருக்கும் பங்குண்டு. பிளினி கண்ட வில்லாளர் மீண்டும் வந்தனர் எனலாம்.

எனினும் மக்கள் நினைவில் நின்றது எது? 2008 நவம்பர் 18ஆம் நாள் ஐ.என்.எஸ். தாபர் என்னும் இந்தியப் போர்க்கப்பல், கொள்ளையரின் தாய்க்கலத்தை மூழ்கடித்தது என்னும் செய்தியே உலகெங்கும் பாராட்டப்பெற்றது. சில நாளில், அது கொள்ளையர் கைப்பற்றிய தாய்லாந்து மீன்பிடிக் கலம் என்றும், அதன் மீனவர் உள்ளே இருந்தனர் என்றும் உரிமையாளர் தெரிவித்தார். பல நாள் கடலில் மிதந்து உயிர்பிழைத்தவர் ஒருவரே. கொள்ளையர் அச்சுறுத்தியதால் தற்காப்பிற்காகவே சுட்டதாகக் கடற்படை விளக்கியது. அவ்விளக்கத்தை ஏற்பினும் அம்மீனவர் மீளவில்லை. வெற்றி என ஆரவாரித்த செய்திக்குள் ஒரு கையறுநிலை மறைந்திருந்தது. அதே காலத்தில் தீங்கின்றிக் கடந்து சென்ற கப்பல்களோ செய்தியாகவில்லை.

துணை எட்டாத இடத்தில் நேர்ந்ததையும் எண்ணுதல் வேண்டும். 2010 செப்டம்பரில் அஸ்பால்ட் வென்ச்சர் என்னும் கப்பல் சிறைபிடிக்கப்பட்டது. 2011 ஏப்ரலில் பணயத் தொகை கொடுக்கப்பட்டுக் கப்பல் விடுவிக்கப்பட்டது. ஆயினும் இந்திய மாலுமியர் எழுவரைக் கொள்ளையர் விடவில்லை. இந்தியச் சிறையிலுள்ள தம்மவரை விடுவித்தாலன்றி விடோம் என்றனர். அவ்வெழுவர் மீண்டது 2014 அக்டோபரில். நான்காண்டு கரையில் காத்திருந்த மனைவியரின் நிலையை, இரங்கலை உரிப்பொருளாகக் கொண்ட நெய்தல் திணை அறியும். ஒரு துணைப்பயணம் தடுப்பது இத்தகைய நான்காண்டுகளையே.

இது முடிந்த கதையுமன்று. 2023 டிசம்பரில் பிடிபட்ட ரூயன் என்னும் கப்பலை, 2024 மார்ச்சில் இந்தியக் கடற்படை ஏறத்தாழ 40 மணி நேர முயற்சியால் மீட்டது. கொள்ளையர் 35 பேர் சரணடைந்தனர். மாலுமியர் 17 பேரும் காயமின்றி மீண்டனர்.

காவலின் வெற்றி என்பது ஒன்றும் நிகழாதிருத்தல். நிகழாததைப் பாடுதல் கவிஞர்க்கு அரிதே. ஆயினும், வழியறியாதவனை ஆற்றுப்படுத்துவதை ஓர் இலக்கிய வகையாகவே வளர்த்த மொழி தமிழ். கடம்பு வெட்டியவனுக்குக் கிடைத்த பாட்டு, இரவெல்லாம் விழித்திருந்து பிறர் கப்பலைக் கரைசேர்த்தவனுக்கும் கிடைத்தல் வேண்டும். அப்பாட்டில் அந்த மீனவர்க்கும் ஓரடி இருத்தல் வேண்டும். இவ்வட்டத்தின் கவிஞர்கள் அதனை எழுதுவார்களாக.