கைப்பேசி கையில் இருந்தால் போதுமா?



பேரிடர் சமயத்தில் ஸ்மார்ட்போன் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் இன்ஜினியர் இல்லீங்க, கல்மண்டபத்துக்காரன். அந்தத் தகுதி ஒன்றுதான்.

2016 டிசம்பர் 12, வர்தா புயல். கரண்ட் போனது போனதுதான். மறுநாள் என் போனும் அணைந்துவிட்டது. அம்மாவுக்கு இரவில் மூச்சிரைப்பு. டாக்டர் நம்பர், அக்கா நம்பர் எல்லாம் அந்தச் செத்த போனுக்குள்ளே! பக்கத்து வீட்டுப் பையன் தன் போனைக் கொடுத்தான். யாரைக் கூப்பிடுவது? ஒரு நம்பரும் மனப்பாடம் இல்லை. 108 ஞாபகம் வந்ததால் தப்பித்தோம். அன்றிலிருந்து ஐந்து நம்பரைச் சீட்டில் எழுதி போன் உறைக்குள் வைத்திருக்கிறேன். என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

2023 டிசம்பர் 26. சுனாமி வந்த அதே தேதி. நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில், உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. அங்கிருக்கும் அக்கா போன் செய்தார். "தம்பி, கண்ணு எரியுது, எந்தப் பக்கம் ஓடுறது?" எனக்குப் பதில் தெரியவில்லை. ஈரத்துணியால் மூக்கை மூடிக்கொண்டு, காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலகணும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். போன் வேலை செய்தது. நான்தான் வேலை செய்யவில்லை.

2023-லேயே அரசு சோதித்துப் பார்த்த எச்சரிக்கை முறை ஒன்று உண்டு. போன் திடீரென்று அலறியதே, அதுதான். ஒவ்வொரு நம்பராக அனுப்புவதல்ல; டவர் தன் எல்லைக்குள் இருக்கும் போன்களுக்கெல்லாம் ஒரே நேரத்தில் ஒலிபரப்புகிறது. அதனால் நெரிசலிலும் வந்து சேரும். சத்தம் பிடிக்கவில்லை என்று அதை அணைத்து வைத்திருப்பவர்கள் இன்றைக்கே போடுங்கள். தமிழக அரசின் டிஎன்-அலர்ட் செயலியும் இருக்கிறது.

மற்றபடி சின்ன விஷயங்கள்தான். புயல் என்றதும் பவர்பேங்கையும் சேர்த்து சார்ஜ் போடுங்க. லைன் கிடைக்காதபோதும் குறுஞ்செய்தி போய்ச் சேரலாம். நம்ம சிம்முக்கு சிக்னல் இல்லாவிட்டாலும், வேறு கம்பெனி டவர் இருந்தால் 112 போகும். ரத்த வகை, மருந்து ஒவ்வாமை இரண்டையும் பூட்டிய திரையிலேயே தெரியும்படி வைக்கலாம்.

மாணவத் தம்பிகளே, உங்கள் அம்மா நம்பரைச் சொல்லுங்க பார்ப்போம். அதோ, முன்வரிசைத் தம்பி போனை எடுக்கிறார். பார்க்காமல் சொல்லணும், தம்பி!