எண்ணெய் ஊற்றும் வாய்



பேராக் மாநிலத்தில் நம் பிள்ளைகளின் கைத்திறனுக்குக் குறைவில்லை. சுங்கை சிப்புட்டிலும் ஈப்போவைச் சுற்றியுள்ள தாமான்களிலும், ஒரு காலத்தில் ரப்பர் தோட்டத்து லயங்களில் வாழ்ந்த குடும்பங்களின் பையன்கள் பலர் பட்டறை வேலையில் கெட்டிக்காரர்களாக இருக்கிறார்கள். பழைய வண்டியின் இயந்திரத்தை எடுத்து, இரும்புச் சட்டத்தைப் பற்றவைத்து, சொந்தமாக ஒரு காரைக் கட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களும் உண்டு. ஆசை நல்லதுதான். அந்தக் கார் சாலைக்கு வர வேண்டுமானால், பலரும் கவனிக்காத ஒரு சிறு துளையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். அதுதான் பெட்ரோல் ஊற்றும் வாய்.

நம் நாட்டின் 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, பதிவு பெறாத வண்டியைச் சாலையில் ஓட்டக் கூடாது. வண்டியின் அமைப்பைப் பற்றி 1959ஆம் ஆண்டிலேயே விதிகள் வகுக்கப்பட்டன. வீட்டில் கார் கட்டும் வழக்கம் பெருகியுள்ள பிரிட்டனில், இத்தகைய வண்டிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கும் சோதனை 1998இல் வந்தது. 2009இல் அதனிடத்தில் புதிய சோதனை வந்தது. வண்டியில் தீப்பிடிப்பதைத் தடுக்க ஐக்கிய நாட்டு அமைப்பின் 34ஆம் எண் ஒழுங்குமுறையும் இருக்கிறது. இத்தகைய ஒழுங்குமுறைகளுக்கு அடிப்படையான 1958ஆம் ஆண்டு உடன்பாட்டில் மலேசியா 2006இல் சேர்ந்தது.

ஒரு மூடிக்கு ஏன் இத்தனை கெடுபிடி என்று கேட்கலாம். நம் பெரியவர்கள் மண்ணெண்ணெய் விளக்கோடு வாழ்ந்தவர்கள். மண்ணெண்ணெய் ஏறக்குறைய 38 பாகைக்கு மேல் சூடானால்தான் பற்றக்கூடிய ஆவியைப் போதிய அளவு விடும். பெட்ரோல் அப்படியல்ல. உறைபனிக்கும் கீழே, கழித்தல் 40 பாகைக் குளிரிலும் அது பற்றக்கூடிய ஆவியை விடும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போய்க் கலையாமல், தரையோடு தவழ்ந்து போய்ப் பள்ளத்தில் தங்கும். கண்ணுக்கும் தெரியாது. மண்ணெண்ணெயில் பழகிய துணிச்சலைப் பெட்ரோலிடம் காட்டக் கூடாது.

இதை மனத்தில் வைத்தால் விதிகள் தாமாகவே விளங்கும்.

முதலாவது, இடம். எண்ணெய் ஊற்றும் வாய், ஆட்கள் உட்காரும் அறையிலோ, சாமான் வைக்கும் அறையிலோ, இயந்திர அறையிலோ இருக்கக் கூடாது. மூடிய இடத்தில் ஆவி தேங்கும். வாய் வண்டியின் பக்கவாட்டில் இருந்தால், மூடிய நிலையில் மூடி வெளியே துருத்திக்கொண்டிருக்கக் கூடாது.

இரண்டாவது, சிந்தும் துளியின் வழி. ஊற்றும்போது சிந்தினால் அது புகைக்குழாயின் மேல் விழாமல் நேரே தரைக்குப் போக வேண்டும். ஓடி நின்ற வண்டியின் புகைக்குழாய், நெருப்புப் பொறி இல்லாமலே பெட்ரோலைப் பற்றவைக்கும் அளவுக்குச் சூடாக இருக்கக்கூடும்.

மூன்றாவது, மூடி. அது இறுகப் பொருந்த வேண்டும். தொலைந்தும் போகக் கூடாது. அதற்காகவே சில வண்டிகளில் மூடியைச் சங்கிலியாலோ வாராலோ கட்டியிருப்பார்கள். வேறு சிலவற்றில், மூடியைப் பூட்டினால்தான் சாவியை எடுக்க முடியும். வண்டியைக் கிளப்புவதற்கும் அதே சாவிதான். மூடி தொலைந்த வாயில் துணியைத் திணித்து ஓட்டுவது உயிரோடு விளையாடுவதாகும்.

நான்காவது, காற்று வழி. பால் டின்னில் ஒரே துளை போட்டால் பால் சரியாக ஊற்றாது என்பது தாய்மார்களுக்குத் தெரியும். காற்று உள்ளே போக இன்னொரு துளை வேண்டும். டேங்கியும் அப்படித்தான். காற்று வழி இல்லையென்றால் எண்ணெய் இறங்காமல் வண்டி நின்றுவிடும். அந்த வழியாக எண்ணெய் ஒழுகவும் கூடாது. பெட்ரோல் வெயிலில் விரியும் என்பதையும் மறக்க வேண்டாம். 40 லிட்டர் பெட்ரோல் 10 பாகை சூடேறினால், அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவான அளவு பெருகும். பால் வாளியை விளிம்புவரை நிரப்பிக் காண்டாவில் தூக்கினால் என்ன ஆகும் என்று பால்மரம் வெட்டியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வண்டி கவிழ்ந்தால் என்ன ஆகும் என்பதற்கும் 34ஆம் எண் ஒழுங்குமுறையில் சோதனை உண்டு. டேங்கியில் 90 விழுக்காடு தண்ணீர் நிரப்பி, பக்கவாட்டில் 5 நிமிடமும், தலைகீழாக 5 நிமிடமும் வைக்கிறார்கள். நிமிடத்துக்கு 30 கிராமுக்கு மேல் ஒழுகினால் தேறாது.

இளைஞர்களே, இரண்டு காரியங்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஒன்று: பெட்ரோல் இருந்த பழைய டேங்கியை நீங்களே பற்றவைக்க முனையாதீர்கள். காலியான டேங்கிதானே என்று நினைக்க வேண்டாம். உள்ளே தங்கிய ஆவியும் காற்றும் சேர்ந்து வெடிக்கும். தொழிற்சாலையில் செய்த டேங்கியை அதன் வாய், குழாய், மூடியோடு அப்படியே பொருத்துவது நல்லது. மற்றொன்று: இரும்பை வெட்டுவதற்கு முன்பே ஜேபிஜே அலுவலகத்துக்கு வரைபடத்தோடு சென்று, எது கூடும், எது கூடாது என்று கேளுங்கள். வண்டியைக் கட்டி முடித்த பிறகு கேட்டால், சேர்த்த பணமும் உழைத்த மாதங்களும் வீணாகலாம்.

முறையாகப் படிக்க விரும்புகிறவர்களுக்கு நம் ஈப்போவிலேயே, நாட்டின் முதல் பாலிடெக்னிக்கான உங்கு ஓமார் 1969 முதல் இருக்கிறது. கைத்திறன் நம் பிள்ளைகளிடம் இருக்கிறது. அதோடு படிப்பும் சேரட்டும்.

பெற்றோர்களே, மகன் புதிதாக ஒரு வண்டியைக் காட்டினால், எவ்வளவு வேகம் போகும் என்று கேட்பதற்கு முன், எண்ணெய் எங்கே ஊற்றுகிறாய், சிந்தினால் எங்கே போகும் என்று கேளுங்கள். அவன் தடுமாறாமல் பதில் சொன்னால், அப்புறம் வேகத்தைப் பற்றிப் பேசலாம்.